வாசகர் கேள்வி – பதில்: 'ஷி கேன்ஸ்' ஏன் கிடையாது?

இந்த மாதம் பெங்களூர் வாசகர்களிடமிருந்து வந்த இங்கிலீஷ் கேள்விகள் பெரும்பாலும் கேன், குட், மே, மைட், வில், வுட், ஷால், ஷுட், மஸ்ட் என்ற ஒன்பது சொற்களைச் சுற்றித்தான். இலக்கணப் புத்தகத்தில் இவற்றுக்கு மோடல் வெர்ப் என்று பெயர். பெயரை மறந்தாலும் ஒன்றும் குடி முழுகிப்போகாது. ஐ, யூ, ஹி, ஷி என்று முன்னால் வரும் ஆளோடு இவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதுதான் எல்லோருக்கும் சிக்கல். அதனால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நாலாவது படிக்கும் என் மகள் ஹோம்வொர்க்கில் 'ஷி கேன்ஸ் சிங்' என்று எழுதினாள். மிஸ் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். 'ஷி சிங்ஸ்' என்றால் எஸ் வருகிறதே, 'ஷி கேன்' என்றால் மட்டும் ஏன் வராது என்கிறாள். 'அது அப்படித்தான்' என்று சொல்லிப் பார்த்தேன், விடுவதாக இல்லை.
— அல்சூர் வாசகி

விடக் கூடாதுதான். காரணம் இருக்கிறது, ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழைய காரணம்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் ஐ, யூ, ஹி, ஷி, இட், வி, தே எது வந்தாலும் கேன் கேன்தான். அதற்கு எஸ் கிடையாது, அதை அடுத்து வரும் வினைக்கும் கிடையாது, ஆகவே 'ஷி கேன் சிங்ஸ்' என்பதும் தப்பு. நடுவில் 'டு' வராது. கேள்வி கேட்க டூ, டஸ் எதையும் கூப்பிட வேண்டாம், இடத்தை மாற்றிப் போட்டால் போதும்: 'கேன் ஷி சிங்?' இல்லை என்று சொல்ல 'ஷி கேனாட்' அல்லது 'ஷி காண்ட்'. மற்ற எட்டுக்கும் இதே விதிதான்.

இப்போது காரணம். பழைய இங்கிலீஷில் கேன் என்ற சொல் உருவத்தில் ஓர் இறந்தகால வினை. ஏறக்குறைய 'கற்றுக்கொண்டேன்' என்பது போல. கற்றுக்கொண்டவனுக்கு இப்போது தெரியும் அல்லவா, அதனால் பொருள் மெல்ல 'தெரியும்' என்று நிகழ்காலத்துக்கு நகர்ந்து, அப்புறம் 'முடியும்' என்றும் ஆகிவிட்டது. உருவம் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. இங்கிலீஷில் இறந்தகாலத்துக்கு எஸ் போடுவதில்லையே, 'ஷி சேங்' என்றுதானே சொல்கிறோம், 'ஷி சேங்ஸ்' என்று இல்லையே. கேனுக்கு எஸ் இல்லாததும் அதனால்தான். ஷால், மே இரண்டும் இதே ரகம். வில் வேறு வழியாக வந்து இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது. மஸ்ட்தான் ரொம்ப வேடிக்கை. இப்படி நிகழ்காலமாகிப்போன ஒரு பழைய வினைக்கு மறுபடி ஓர் இறந்தகாலம் உண்டாக்கினார்கள், அதுவும் நிகழ்காலமாகிவிட்டது, அதுதான் இன்றைய மஸ்ட். அதற்கென்று சொந்தமாக இறந்தகாலம் இல்லாமல் போய், 'நேற்று போக வேண்டியிருந்தது' என்று சொல்ல 'ஐ ஹேட் டு கோ' என்று வெளியிலிருந்து ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பிற்கால இங்கிலீஷில் ஒரே ஒரு பிரதிப்பெயருக்கு மட்டும் இந்தச் சொற்கள் வளைந்து கொடுத்தன. 'நீ' என்ற பொருளில் ஒரு காலத்தில் இருந்த 'தௌ'. 'தௌ கேன்ஸ்ட்', 'தௌ ஷால்ட்', 'தௌ வில்ட்'. பழைய இங்கிலீஷ் பைபிளில் 'தௌ ஷால்ட் நாட் ஸ்டீல்' என்று படித்திருப்பீர்கள். தௌ பேச்சிலிருந்து மறைந்ததும் அந்த வாலும் போய்விட்டது.

மகளுக்கு இவ்வளவும் வேண்டாம். அவளிடம் 'நான் பாடுகிறேன், அவள் பாடுகிறாள்' என்று சொல்லச் சொல்லுங்கள், முடிவு மாறுகிறது. அப்புறம் 'நான் பாடலாம், நீ பாடலாம், அவள் பாடலாம்' என்று சொல்லச் சொல்லுங்கள், ஓர் எழுத்துகூட மாறவில்லை. வேண்டும், முடியும், கூடாது எதுவுமே ஆளுக்கு ஆள் மாறாது. பள்ளியில் கன்னடம் படிப்பவள் என்றால் இன்னும் எளிது: ஹோகபஹுது, ஹோகபேக்கு, ஹோகபாரது எல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான். பாவம், இந்திக்காரப் பிள்ளைதான் 'சக்தா ஹூ', 'சக்தி ஹை' என்று ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று மாற்றிப் பழகிவிட்டு இங்கே வந்து கேனை மாற்றாமல் விட வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைக்கு இது ஏற்கெனவே வீட்டில் இருக்கிற பழக்கம்.

'ஐ கேன் ஏபிள் டு டூ திஸ் வொர்க்' சரியா? இன்டர்வியூவில் சொன்னேன், ஒரு மாதிரி பார்த்தார்கள்.
— ஸ்ரீராம்புரம் வாசகர்

தப்பு. கேன் என்றாலே முடியும், ஏபிள் டு என்றாலும் முடியும். இரண்டில் ஒன்று போதும்: 'ஐ கேன் டூ', அல்லது 'ஐ ஆம் ஏபிள் டு டூ'. எதிர்காலத்தில் முடியும் என்றால் வில்லையும் கேனையும் அடுத்தடுத்து நிறுத்த முடியாது, ஒரு வினைக்கு ஒரு மோடல்தான். அங்கேதான் ஏபிள் டு உதவிக்கு வரும்: 'ஐ வில் பி ஏபிள் டு டூ'. அமெரிக்கத் தெற்கிலும் ஸ்காட்லாந்திலும் 'மைட் குட்' என்று இரண்டைச் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு, ஆனால் அது அவர்கள் வட்டார வழக்கு. இன்டர்வியூவில் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

'ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ' என்று மெயில் போட்டேன். வெளிநாட்டில் இருக்கும் டீம் லீட் 'இஃப் வாட்?' என்று இரண்டே சொல்லில் பதில் அனுப்பினார். கிண்டலா, நிஜமாகவே கேட்கிறாரா?
— ஒயிட்ஃபீல்டு வாசகர்

இரண்டும்தான். உங்கள் வாக்கியம் அவர் காதில் 'நாளைக்கு நான் லீவில் இருந்திருப்பேன்...' என்று பாதியில் நின்றதுபோல விழுந்திருக்கும். எது நடந்திருந்தால் என்று கேட்கிறார், அவ்வளவுதான்.

நம் ஊர் ஆபீஸ்களில் எப்படியோ ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது, வில் என்றால் முரடு, வுட் என்றால் மரியாதை என்று. 'த மீட்டிங் வுட் பி ஹெல்ட் ஆன் மண்டே' என்று நோட்டீஸ் போர்டில் பார்க்கிறோம், 'ஐ வுட் கால் யூ அட் ஃபோர்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. வுட் மரியாதையானதுதான், ஆனால் கேட்கும்போதும் ஆசைப்படும்போதும் மட்டும். 'வுட் யூ செண்ட் மீ த ஃபைல்?', 'ஐ வுட் லைக் டு டேக் டுமாரோ ஆஃப்'. நடக்கப்போகிற ஒன்றைத் தகவலாகச் சொல்லும்போது அந்த மரியாதை வேலை செய்யாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். லீவு சாங்ஷன் ஆகிவிட்டதா, 'ஐ வில் பி ஆன் லீவ் டுமாரோ'. இன்னும் ஆகவில்லையா, 'ஐ வுட் லைக் டு'. முதலாவது தகவல், இரண்டாவது விண்ணப்பம். உங்கள் மெயில் எதுவென்று அவருக்குப் புரியவில்லை, எனக்கும்தான்.

வுட்டுக்கு நியாயமான இடங்கள் என்று பார்த்தால், மேலே சொன்ன 'இஃப்' ஒன்று. இன்னொருவர் சொன்னதை நாம் திருப்பிச் சொல்வது இன்னொன்று: 'ஹி செட் ஹி வுட் கம்', வருவதாகச் சொன்னான். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, பழைய வழக்கங்களைச் சொல்வது: 'மை கிராண்ட்மதர் வுட் டெல் அஸ் ஸ்டோரீஸ்'. இது நமக்கு வெகு இயல்பாக வர வேண்டியது. 'அப்போதெல்லாம் ராத்திரி ஆனால் பாட்டி கதை சொல்லுவாள்' என்று தமிழிலும் எதிர்கால உருவத்தில்தானே பழைய கதை பேசுகிறோம்! ஆனால் யாரும் வுட்டை இங்கே பயன்படுத்துவதில்லை, லீவு மெயிலில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள்.

கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் துணிக்கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள், வடக்கிலிருந்து வருகிறவர்கள் என்று எல்லோரிடமும் இங்கிலீஷில் சமாளிக்கிறேன். 'நீங்கள் பேசுவது கொஞ்சம் அதட்டுகிற மாதிரி இருக்கிறது' என்று ஒரு கஸ்டமர் அம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். நான் அதட்டுகிற ஆளே இல்லை. எங்கே தப்பு?
— சிவாஜிநகர் வாசகர்

அண்ணே, தப்பு உங்கள் மேல் இல்லை. தமிழில் 'வாங்க, உட்காருங்க, என்ன வேணுங்க' என்று ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் ஓர் 'ங்க' போட்டு மரியாதையைத் தாராளமாகக் கொடுத்துவிடுகிறோம். இங்கிலீஷில் நீயும் யூ, நீங்களும் யூ. 'ங்க' ஒட்டவைக்க இடமே இல்லை. 'வாட் யூ வான்ட்?' என்று நீங்கள் மனசுக்குள் 'என்ன வேணுங்க' என்று நினைத்துக் கேட்டாலும் எதிரில் இருப்பவருக்கு 'என்ன வேணும் உனக்கு?' என்றுதான் கேட்கும். அந்த 'ங்க' வேலையைச் செய்வது இந்த ஒன்பது சொற்கள்தான். 'கேன் ஐ ஹெல்ப் யூ?' போதுமானது. 'மே ஐ ஹெல்ப் யூ?' கொஞ்சம் கஞ்சி போட்ட சட்டை. 'குட் யூ வெயிட் எ மினிட்?' என்பது 'ஒரு நிமிஷம் இருக்கீங்களா'. 'யூ வெயிட்' என்பது என்னவென்று நான் சொல்ல வேண்டாம்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பள்ளிக்கூடப் புத்தகங்கள் இதைச் சரியாகச் சொல்வதில்லை. இந்தச் சொற்களின் உருவம்தான் ஆளுக்கு ஆள் மாறாது, குணம் மாறும். முன்னால் ஐ நிற்கிறதா யூ நிற்கிறதா என்பதைப் பொறுத்து அதே சொல் வாக்குறுதியாகும், அனுமதியாகும், உத்தரவாகும்.

வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஐ வில் ஷோ யூ' என்றால் காட்டுகிறேன் என்று நீங்கள் கொடுக்கும் வாக்கு. 'வில் யூ ஷோ மீ?' என்றால் கோரிக்கை. 'யூ வில் பே அட் த கவுண்டர்' என்றால் கட்டளை, கர்னல் சிப்பாயிடம் பேசுகிற தோரணை. அதையே 'யூ கேன் பே அட் த கவுண்டர்' என்று சொல்லிப் பாருங்கள், அதே தகவல், அதட்டல் போய்விட்டது. கேனும் அப்படித்தான். 'ஐ கேன் கிவ் யூ அனதர் கலர்' என்றால் உங்களால் முடியும். 'யூ கேன் கோ' என்றால் அவருக்கு நீங்கள் போக அனுமதி கொடுக்கிறீர்கள், கடையை விட்டு அனுப்புகிற மாதிரி ஆகிவிடும், ஜாக்கிரதை. மஸ்ட் இன்னும் விசேஷம். 'யூ மஸ்ட் பே கேஷ்' போலீஸ் ஸ்டேஷன். 'யூ மஸ்ட் ட்ரை திஸ் கலர்' உபசாரம். ஒரே சொல், ஒரே யூ, ஆனால் பலன் யாருக்கு என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது. நாமும் அப்படித்தானே பேசுகிறோம். 'கல்யாணத்துக்குக் கட்டாயம் வரணும்' என்றால் அன்பு, 'அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை வரணும்' என்றால் மிரட்டல், இரண்டிலும் அதே 'வரணும்'.

பார்சல் கட்டட்டுமா என்று கேட்க 'ஷால் ஐ பேக் இட்?' இங்கே வில் வராது, 'வில் ஐ பேக் இட்?' என்றால் பேக் செய்வேனா மாட்டேனா என்று ஜோசியம் கேட்கிற மாதிரி இருக்கும். பேரம் பேசுகிறவரிடம் 'ஐ வோண்ட் கிவ்' என்று சொல்லாதீர்கள், அது 'கொடுக்கமாட்டேன்'. 'ஐ காண்ட் கிவ் இட் ஃபார் தட்' என்றால் கட்டுப்படியாகாது என்று அர்த்தம். தமிழில் 'முடியாது' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னால் அது மாட்டேன்தான், அதனால் நமக்கு இந்த இரண்டும் குழம்பும். கடையில் எப்போதும் காண்ட் பக்கம் நில்லுங்கள். விலை குறையாது, ஆனால் கஸ்டமர் மறுபடி வருவார்.

எங்கள் காலத்தில் 'ஐ ஷால், வி ஷால். யூ வில், ஹி வில்' என்று மனப்பாடம் செய்தோம். மாற்றிச் சொன்னால் பிரம்படி. பேரன் எல்லாவற்றுக்கும் வில் போடுகிறான், முழு மார்க்கும் வாங்குகிறான். நாங்கள் அடி வாங்கியது வீணா?
— மர்ஃபி டவுன் வாசகர்

ஐயா, அடி வீண்தான், ஆனால் படித்தது வீணில்லை.

அந்த விதியை அச்சில் நிலைநாட்டியவர் என்று ஜான் வாலிஸைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். 1653-ல் இங்கிலீஷ் இலக்கணம் ஒன்றை லத்தீனில் எழுதினார், வெளிநாட்டுக்காரர்கள் இங்கிலீஷ் கற்றுக்கொள்ள உதவும் என்று. ஆள் அடிப்படையில் கணித மேதை, ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியர். முடிவிலியைக் காட்ட எட்டைப் படுக்கப்போட்டாற்போல் ஒரு குறி போடுகிறோமே, அதை 1655-ல் அறிமுகம் செய்தவரும் அவர்தான். கணக்குக்காரர் இலக்கணம் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது விதி. ஐ, வி வந்தால் ஷால் சும்மா எதிர்காலம், வில் உறுதி அல்லது மிரட்டல். யூ, ஹி, ஷி, தே வந்தால் அப்படியே தலைகீழ்: வில் சும்மா எதிர்காலம், ஷால் உறுதி அல்லது மிரட்டல்.

இதை வைத்து ஒரு பழைய ஜோக் உண்டு. விதி தெரியாத வெளியூர்க்காரன் ஒருவன் ஆற்றில் விழுந்துவிட்டு 'ஐ வில் டிரௌன், நோ ஒன் ஷால் சேவ் மீ!' என்று கத்துகிறான். 'மூழ்கிவிடுவேன், காப்பாற்ற யாரும் இல்லையே' என்று அழுவதாக அவன் நினைப்பு. கரையில் நின்ற இங்கிலீஷ்காரர்கள் இலக்கணப்படி 'நான் மூழ்கியே தீருவேன், யாரும் என்னைக் காப்பாற்றக் கூடாது' என்று புரிந்துகொண்டு, அவன் விருப்பத்தை மதித்து நின்றார்களாம்.

ஸ்காட்லாந்து, அயர்லாந்து, அமெரிக்கா எங்கும் ஜனங்கள் இப்படிப் பேசியதில்லை. இங்கிலாந்திலேயே இன்று பேச்சில் எல்லாம் வில், அதுவும் ஐ'ல், யூ'ல், ஹி'ல் என்று ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது ஷாலா வில்லா என்று எந்த வாத்தியாரும் கண்டுபிடிக்க முடியாது. பேரனுக்கு முழு மார்க் நியாயம்தான்.

ஆனால் ஷால் செத்துவிடவில்லை. பேச்சில் 'ஷால் ஐ?', 'ஷால் வி?' என்று கேள்வியில் சௌக்கியமாக இருக்கிறது. அப்புறம் சட்டத்தில். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 52-வது பிரிவு 'தேர் ஷால் பி எ பிரெசிடென்ட் ஆஃப் இந்தியா' என்று ஒரே வரி. இது எதிர்காலத்தில் ஒரு ஜனாதிபதி வருவார் என்ற ஆரூடம் இல்லை, இருந்தாக வேண்டும் என்ற கட்டளை. 21-வது பிரிவில் 'நோ பெர்சன் ஷால் பி டிப்ரைவ்டு ஆஃப் ஹிஸ் லைஃப்' என்று தொடங்குவதும் அப்படித்தான். படர்க்கையில் ஷால் வந்தால் உறுதி என்று நீங்கள் அடி வாங்கிப் படித்த பாதி அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. சட்டத்தில் மே என்று எழுதியிருப்பதை ஷால் என்று படிக்கலாமா என்று கோர்ட்டுகளில் இன்றும் வாதாடுகிறார்கள், பேரன் வக்கீலுக்குப் படித்தால் தாத்தாவிடம்தான் வர வேண்டும்.

பி.ஜி.யில் தங்கியிருக்கிறேன். வாடகையை முதல் தேதியே கட்டத் தேவையில்லை, மெதுவாகக் கொடு என்று சொல்ல நினைத்த ஓனர் ஆன்டி 'யூ மஸ்ட் நாட் பே ஆன் ஃபர்ஸ்ட்' என்று மெசேஜ் அனுப்பினார். ஒடிசாவிலிருந்து வந்த ரூம்மேட் பயந்துபோய் முதல் தேதி கொடுத்தால் ஏதோ பிரச்சினை என்று நினைத்து, கையில் பணத்தை வைத்துக்கொண்டு இரண்டாம் தேதிவரை காத்திருந்தாள்.
— பி.டி.எம். லேஅவுட் வாசகி

ரூம்மேட் படித்தது சரி, ஆன்டி எழுதியதுதான் கோளாறு. இது தமிழிலிருந்து வருகிற வம்பு. 'வேண்டும்' என்பதற்கு மஸ்ட், 'வேண்டாம்' என்றால் மஸ்ட் நாட் என்று நேராகக் கணக்குப் போட்டுவிடுகிறோம். மஸ்ட் நாட் என்றால் 'கூடாது'. 'யூ மஸ்ட் நாட் ஸ்மோக் ஹியர்' போல. 'தேவையில்லை' என்பதற்கு 'யூ நீட் நாட் பே' அல்லது 'யூ டோண்ட் ஹேவ் டு பே'. ஆன்டிக்கு வேண்டியது அதுதான்.

இதே சாக்கில் நீட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். 'ஷி நீட்ஸ் டு கோ' என்றால் சாதாரண வினை, எஸ் உண்டு, டு உண்டு. 'ஷி நீட் நாட் கோ' என்றால் அது மோடல் வேஷம் போட்டிருக்கிறது, எஸ் கிடையாது, டு கிடையாது. 'ஷி நீட்ஸ் நாட் கோ' என்று இரண்டையும் கலக்க வேண்டாம். ஹேவ் டு மோடல் கூட்டத்தில் சேர்த்தியே இல்லை, அதனால் 'ஷி ஹேஸ் டு' என்று ஆளுக்கேற்ப மாறத்தான் செய்யும்.

சாஃப்ட்வேர் ஸ்பெசிஃபிகேஷன் எழுதுகிறேன். மஸ்ட், ஷுட், மே என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அழுத்தத்துக்கா?
— எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்

அழுத்தத்துக்கு இல்லை, ஒவ்வொன்றுக்கும் அளந்து கொடுத்த பொருள் இருக்கிறது. இன்டர்நெட் விதிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். 1997 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 2119 என்று ஒரு சின்ன ஆவணம் வெளியிட்டது. அதன்படி மஸ்ட், ஷால் இரண்டும் ஒன்று: செய்தே ஆக வேண்டும். ஷுட் என்றால் செய்வது நல்லது, தகுந்த காரணம் இருந்தால், விளைவை யோசித்துவிட்டு, விட்டுவிடலாம். மே என்றால் உங்கள் இஷ்டம். சின்ன எழுத்தில் எழுதினாலும் அதே பொருளா என்று ஆளாளுக்குக் குழம்பியதால், 2017-ல் ஆர்.எஃப்.சி. 8174 வந்து, பெரிய எழுத்தில் இருந்தால் மட்டும்தான் அந்தச் சிறப்புப் பொருள் என்று தீர்த்துவைத்தது. உங்கள் ஆவணத்தில் இவற்றைப் போடுவதென்றால் அந்த எண்களை முன்னாலேயே குறிப்பிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் டெஸ்டர் ஷுட்டை மஸ்ட் என்று படிப்பார், டெவலப்பர் மே என்று படிப்பார், ரிலீஸ் அன்று இரண்டு பேரும் உங்களைப் பார்ப்பார்கள்.

'மைசெல்ஃப் அண்ட் மை மேனேஜர் வில் ஜாயின் த கால்' – சரிதானே? 'மீ' என்று சொன்னால் மட்டமாக இருக்கிறது.
— மாரத்தஹள்ளி வாசகி

மீயும் வேண்டாம், மைசெல்ஃபும் வேண்டாம். மோடலுக்கு முன்னால் நிற்பது எழுவாய், அந்த இடத்தில் பிரதிப்பெயர் என்றால் ஐ, யூ, ஹி, ஷி, இட், வி, தே மட்டும்தான் அனுமதி. மேனேஜரைத் தூக்கிவிட்டுச் சொல்லிப் பாருங்கள்: 'மைசெல்ஃப் வில் ஜாயின்' என்று யாராவது சொல்வார்களா? ஆகவே 'மை மேனேஜர் அண்ட் ஐ வில் ஜாயின் த கால்'. மேனேஜரை முன்னால் போடுவது இலக்கணம் இல்லை, பிழைக்கும் வழி.

'நேற்று சில்க் போர்டு ட்ராஃபிக்கிலும் பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது' என்பதை 'யெஸ்டர்டே ஐ குட் கேட்ச் த பஸ்' என்றேன். ஆபீஸில் திருத்தினார்கள். கேனுக்கு இறந்தகாலம் குட்தானே?
— ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட் வாசகர்

குட்தான், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. பொதுவான திறமைக்கு குட் சரி: 'வென் ஐ வாஸ் ஃபைவ், ஐ குட் ஸ்விம்'. ஒரு தடவை, ஒரு குறிப்பிட்ட சந்தர்ப்பத்தில், முயற்சி செய்து முடித்தீர்கள் என்றால் 'ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச் த பஸ்' அல்லது 'ஐ மேனேஜ்டு டு'. சில்க் போர்டைத் தாண்டிப் பஸ்ஸைப் பிடித்தது நிச்சயம் இரண்டாவது வகை. 'ஐ குட் கேட்ச் த பஸ்' என்றால் கேட்கிறவர் 'பிடிக்கலாமே' என்று இனிமேல் நடக்கப்போகிறதாக எடுத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. பிடிக்க முடியவில்லை என்றால் மட்டும் சிக்கலே இல்லை, 'ஐ குடண்ட் கேட்ச் த பஸ்' தாராளமாகச் சொல்லலாம். அந்த ரூட்டில் அதுதான் அடிக்கடி தேவைப்படும்.

'ஹி மஸ்ட் பி அட் ஹோம்' என்றால் அவன் வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற உத்தரவா? கதைப் புத்தகத்தில் படித்தேன், அங்கே யாரும் உத்தரவு போடவில்லையே.
— கம்மனஹள்ளி வாசகி, ப்ளஸ் டூ

ஊகம். லைட் எரிகிறது, செருப்பு வாசலில் கிடக்கிறது, 'வீட்டிலதான் இருக்கணும்' என்கிறோமே, அந்த 'இருக்கணும்'. உத்தரவுக்கும் ஊகத்துக்கும் நமக்கும் ஒரே சொல், அவர்களுக்கும் ஒரே சொல். 'ஐ' வந்தால் பெரும்பாலும் கடமை, 'ஐ மஸ்ட் கோ'. ஹி, ஷி, இட் வந்து பின்னால் 'பி' இருந்தால் பெரும்பாலும் ஊகம். இல்லவே இருக்க முடியாது என்றால் மஸ்ட் நாட் போடாதீர்கள், 'ஹி காண்ட் பி அட் ஹோம்'. நடந்துமுடிந்ததைப் பற்றிய ஊகம் என்றால் ஹேவ் சேர்ப்பார்கள்: 'ஷி மஸ்ட் ஹேவ் கான்', போயிருக்கணும். இங்கேயும் ஷி என்பதற்காக ஹேஸ் ஆகாது, மோடலுக்குப் பின்னால் எப்போதும் வெறும் வினைதான். இந்த ஹேவ் பேச்சில் தேய்ந்து 'மஸ்டவ்', 'குடவ்' என்று காதில் விழும். அதை 'குட் ஆஃப்' என்று நினைத்து அப்படியே எழுதிவைக்கிறவர்கள் இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில்தான் அதிகம், நம் பிள்ளைகள் அந்தத் தப்பைப் பெரும்பாலும் செய்வதில்லை. காதால் கேட்பதற்கு முன்பே புத்தகத்தில் படித்துவிடுகிறார்களே!